வில்லன் ஜெயிக்கும் படங்கள்: மொட்டை மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு படம் போட்டுப் பார்க்கிறோம். எட்டு முழ வேட்டியை இரண்டு கம்பிக்கு நடுவே இழுத்துக் கட்டினால் திரை தயார். வாடகை புரொஜெக்டர், கீழ்வீட்டுப் பாய்கள், பதினைந்து இருபது பேர். இந்த வருஷம் வில்லன் ஜெயிக்கிற படங்களாகவே போடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அதனால் திட்டும் எனக்கே வருகிறது. ஒரே கேள்வியை ஆளுக்கொரு தடவை கேட்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். எல்லாப் படத்தின் முடிவும் இதில் உடைபடும். பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

வில்லன் ஜெயிக்கிறது என்றால் என்ன கணக்கு? ஹீரோ செத்தால் போதுமா?

போதாது. 'நாயகன்' (1987) படத்தில் வேலு நாயக்கர் சுடப்பட்டுச் சாகிறார். சுடுகிறவன் வில்லனா? ஒரு காலத்தில் நாயக்கர் கையால் செத்த போலீஸ்காரரின் மகன் அவன். அது பழைய கடன் திரும்பி வருகிற கதை, இந்தப் பட்டியலில் வராது. 'கர்ணன்' (1964) வேண்டும் என்று ஒருவர் அடம் பிடித்தார். அதில் ஜெயிக்கிறது கிருஷ்ணரும் அர்ஜுனனும். அதை வில்லன் வெற்றி என்று எழுதிவிட்டு நான் ஊருக்குள் நடமாட முடியாது. சிவாஜி சாயும்போது நமக்கு அப்படித்தான் தோன்றுகிறது என்பது வேறு விஷயம்.

நான் வைத்திருக்கிற அளவுகோல் ஒன்றுதான்: படம் முடியும்போது வில்லனுக்கு வேண்டியது கிடைத்ததா? 'காதல்' (2004) படத்தில் பையனும் சாகவில்லை, பெண்ணும் சாகவில்லை. ஆனால் பெண் வீட்டார் நினைத்தது அத்தனையும் நடந்துவிடுகிறது. தாலி அறுபடுகிறது, வேறு மாப்பிள்ளை வருகிறான், மெக்கானிக் முருகன் புத்தி பேதலித்துத் தெருவில் திரிகிறான். அடித்தவர்கள் யாரும் ஜெயிலுக்குப் போனதாகத் தெரியவில்லை. உயிரோடு தோற்கிறது செத்துத் தோற்கிறதைவிடக் கொடுமை என்று அந்தப் படம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஹீரோவே வில்லனாக இருக்கிற படங்கள்?

'புதுப்பேட்டை', 'மங்காத்தா' மாதிரி. சேர்க்கவில்லை. அங்கே தோற்பதற்கு எதிரே நல்லவன் யாரும் இல்லை. இரண்டு கட்டிலிலும் கால் வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நம்ம ஜனங்க இந்த மாதிரி முடிவை ஏத்துக்கவே மாட்டாங்களே?

இதைக் கேட்காத ஆளே கிடையாது. சினிமாக்காரர்கள் பேட்டியிலும் இதையே சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்புதான் வரும், ஏனென்றால் நம் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் பாரதக் கூத்து நடக்கிறது.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து. அதில் அபிமன்யு சண்டை ஒரு முழு ராத்திரி. சக்கர வியூகத்துக்குள் போகத் தெரிந்த பையனுக்கு வெளியே வரத் தெரியாது. பெரிய பெரிய வீரர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சின்னப் பையனைச் சூழ்ந்து கொல்வார்கள். போர் முறைப்படி அது அநியாயம். அந்த ராத்திரி வில்லன்கள் ஜெயித்துவிட்டுத்தான் போவார்கள். சின்ன வயதில் பாட்டியோடு சாக்கை விரித்து உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். விடியற்காலை நாலு மணி இருக்கும். அபிமன்யு வேஷக்காரர் கிரீடத்தின் கயிறு அவிழ்ந்து தொங்க, முகத்து அரிதாரம் வேர்வையில் கோடு கோடாக வழிய, ஒரு பலகையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடுவார். அது தேர்ச்சக்கரம். தூங்கி விழுந்த பெண்களெல்லாம் அந்த நேரத்துக்குச் சரியாக எழுந்து உட்கார்ந்திருப்பார்கள். என் பாட்டிக்குக் கதை மனப்பாடம். வருஷா வருஷம் பையன் சாவான் என்று தெரியும். இருந்தும் பையன் உள்ளே நுழையும்போது "போவாதடா, சாமி" என்று வாய்விட்டுச் சொல்வாள்.

கடைசி நாள் படுகளம். களத்தில் துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் தொடையைப் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிவாள். வில்லன் தோற்றாயிற்று, நியாயம் கிடைத்தாயிற்று, வீட்டுக்குப் போகலாம் அல்லவா? போகமாட்டார்கள். துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வேஷம் வந்து ஒப்பாரி வைக்கும். சுற்றி நிற்கிற பெண்களும் சேர்ந்து அழுவார்கள். நேற்று வரை சபித்தவனுக்காக இன்றைக்கு அழுகை. நல்லவன் தோற்கிற ராத்திரியையும் கெட்டவன் சாகிற பகலையும் இப்படிச் சேர்த்து ஜீரணிக்கிற கூட்டம் ஒரு சினிமா கிளைமாக்ஸைத் தாங்காதா? தாங்காதது போட்ட பணம்தான் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். ஜனங்கள் மேல் பழி போட வேண்டாம்.

எம்.ஜி.ஆர் செத்தால் படம் ஓடாது என்பார்களே?

1956-ல் வந்த 'மதுரை வீரன்' நூறு நாளைத் தாண்டி ஓடிய படம். அதில் வீரன் மேல் வீண்பழி போட்டு, மாறுகால் மாறுகை வாங்கச் சொல்லி அரண்மனையே தீர்ப்புச் சொல்கிறது. சூழ்ச்சி செய்தவர்கள் நினைத்தது நடக்கிறது. ஆனால் 1962-ல் 'பாசம்' படத்தில் எம்.ஜி.ஆர் செத்தது ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. வித்தியாசம் என்ன? என் ஊகம் இது: மதுரை வீரன் சாவான் என்று கொட்டகைக்குள் நுழையும் முன்பே எல்லோருக்கும் தெரியும். அவன் ஊர் எல்லையில் கையில் வாளோடு சாமியாக நிற்கிறான். செத்ததால்தான் சாமி ஆனான். 'பாசம்' நாயகனுக்கு எந்த ஊரிலும் கோயில் இல்லை.

வில்லன் ஜெயிக்கிற படத்தில் ரஜினி உண்டா?

உண்டு, அதுவும் வில்லனாக. 'மூன்று முடிச்சு' (1976). படகிலிருந்து கமல் தண்ணீரில் விழுகிறார். ரஜினி காப்பாற்றாமல் துடுப்புப் போடுகிறார். அடிதடி இல்லை, கத்தி இல்லை. கையை நீட்டவில்லை, அவ்வளவுதான். படம் பாதிகூட ஆகவில்லை, நாயகன் போய்விட்டார். அதற்கப்புறம் ஸ்ரீதேவி அந்த வில்லனின் அப்பாவையே கட்டிக்கொண்டு அவனுக்குச் சித்தியாக வந்து நிற்பது கதையின் மறுபாதி. ஆகவே முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படகுக் காட்சியை மாடியில் இரண்டு தடவை போடச் சொன்னார்கள்.

வெளிநாட்டுப் படம் எதற்கு? நமக்கு ஒட்டாதே?

'சைனாடவுன்' (1974) போட்டபோது முதல் அரைமணி நேரம் இப்படித்தான் முணுமுணுத்தார்கள். பழைய லாஸ் ஏஞ்சல்ஸ், தொப்பி போட்ட துப்பறிவாளர், புரியாத பேச்சு. அப்புறம் விஷயம் தண்ணீர் என்று தெரிந்ததும் பாய்கள் முன்னால் நகர்ந்தன. ஊரே வறட்சியில் கிடக்கும்போது ராத்திரியில் தண்ணீரைத் திறந்துவிட்டு வீணாக்குகிறார்கள். விவசாயிகளின் நிலம் காய்கிறது. காய்ந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறார்கள். முதியோர் இல்லத்தில் கிடக்கிற கிழவர்கள் பேரில் பத்திரம் பதிவாகிறது, பாவம் அவர்களுக்கே தெரியாது. எல்லாவற்றுக்கும் பின்னால் நோவா கிராஸ் என்கிற ஒரு பெரியவர். தன் மகளுக்கே கொடுமை செய்தவர். கடைசியில் மகள் போலீஸ் குண்டில் சாகிறாள். யாருக்காக அவள் ஓடினாளோ அந்தச் சின்னப்பெண் கிழவன் கைக்கே போகிறாள். துப்பறிவாளர் நின்று பார்க்கிறார்.

திரைக்கதை எழுதிய ராபர்ட் டவுன் முதலில் வைத்த முடிவில் மகள் அப்பனைக் கொன்றுவிடுவாள். இயக்குநர் போலன்ஸ்கிதான் கூடாது, கிழவன் ஜெயிக்க வேண்டும் என்று பிடிவாதமாக மாற்றினார். எழுத்தாளருக்கு வருத்தம். ஆஸ்கர் என்னவோ திரைக்கதைக்குத்தான் கிடைத்தது.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நாற்பது தாண்டியவர்கள் பல்லைப் பார்த்தாலே தண்ணீர்க் கதை தெரியும். ஆழ்குழாய்த் தண்ணீரின் புளோரைடு ஏற்றிய காவிக்கறை போகவே போகாது. பக்கத்தில் காவிரி விழுந்து ஓடியும் ஒகேனக்கல் குழாய் வந்தது 2013-ல். அன்றைக்கு மாடியில் ஒருவர், "இந்தக் கிழவனுக்கு நம்ம பக்கமும் சொந்தக்காரங்க இருக்காங்கப்பா" என்றார். ஒட்டாது என்று முணுமுணுத்த அதே ஆள்.

சென்சார் எப்படி விடுகிறது? கெட்டவன் ஜெயித்தால் தப்பான பாடம் ஆகாதா?

அமெரிக்காவிலேயே ஒரு காலத்தில் விடவில்லை. 1934-லிருந்து 1968 வரை ஹேஸ் விதிகள் என்று ஒன்று கடுமையாக நடப்பில் இருந்தது. குற்றம் செய்தவன் தண்டனை இல்லாமல் தப்பக் கூடாது. கொள்ளைக்காரன் கடைசி ரீலில் செத்தாக வேண்டும். அந்த விதி போய் வயதுவாரிச் சான்றிதழ் வந்த பிறகுதான் 'சைனாடவுன்' மாதிரிப் படங்களே வர முடிந்தது.

இங்கே 1952 சட்டமும் 1991 வழிகாட்டு நெறிகளும் வன்முறையை மெச்சிக் காட்டக் கூடாது என்கின்றன. வில்லன் தோற்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. ஆனாலும் கத்தரி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. ஓசூர் தாண்டினால் எட்டிவிடுகிற ராமநகரப் பாறைகளில்தான் 'ஷோலே' (1975) எடுத்தார்கள். முதலில் எடுத்த முடிவில் கை இழந்த தாக்கூர் கப்பர் சிங்கைக் காலாலேயே மிதித்துக் கொல்வார். நெருக்கடி நிலைக் காலம். பழைய போலீஸ் அதிகாரி சட்டத்தைத் தன் கையில் எடுக்கலாமா என்று சென்சார் தடுத்தது. போலீஸ் வந்து கப்பரைக் கைது செய்வதாக மாற்றி எடுத்தார்கள். வில்லன் பிழைத்துப் போனது சட்டத்தின் மரியாதைக்காக! இதை நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

எது ரொம்பப் பிடித்த முடிவு?

'விசாரணை'. 2015-ல் வெனிஸ் விழாவில் திரையிட்டு, 2016-ல் நம்ம ஊருக்கு வந்த வெற்றிமாறன் படம். கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் அடிபட்டதை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து பிறந்தது. அதில் வில்லன் யார் என்று விரல் நீட்டவே முடியாது. செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு மேலே ஒரு போன் வருகிறது, அதற்கும் மேலே இன்னொரு போன். நேற்று மொழிபெயர்த்துக் காப்பாற்றிய இன்ஸ்பெக்டரே இன்று அதே சக்கரத்துக்குள் மாட்டிக்கொள்கிறார். கடைசியில் சதுப்பு நிலம் மாதிரி ஒரு இருட்டு, தண்ணீர், டார்ச் வெளிச்சம், குண்டுச் சத்தம். அவ்வளவுதான். ஜெயித்தவன் முகத்தைக் காட்டிச் சிரிக்க வைத்திருந்தால் நாம் அவனைத் திட்டிவிட்டுத் தூங்கியிருப்போம்.

இதற்கு நேர்மாறாக, கடைசி ஐந்து நிமிஷத்தில் 'ஏமாந்தாயா?' என்று கேட்பதற்காக மட்டும் வில்லனை ஜெயிக்க வைக்கிற படங்கள் இருக்கின்றன. எனக்குச் சகிக்காது. அவை விடுகதை. விடை தெரிந்த பிறகு இரண்டாம் தடவை பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

சிரிக்க வைக்கிற மாதிரி ஒன்றும் இல்லையா?

'சூது கவ்வும்' (2013). லஞ்சம் வாங்காத அமைச்சர் சீட்டு இழந்து வீட்டில் உட்காருகிறார். அப்பாவிடமே பணம் பறிக்கத் தன் கடத்தலுக்குத் தானே திட்டம் போட்ட மகன் தேர்தலில் நின்று அமைச்சர் ஆகிறான். மாடியே விழுந்து விழுந்து சிரித்தது. கீழே இறங்கி செருப்பு மாட்டும்போதுதான் எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தார்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

'விசாரணை'க்கு வேண்டாம். 'அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்' (2018) போட்ட ஞாயிறு பிள்ளைகள்தான் அதிகம். தானோஸ் விரலைச் சொடுக்கியதும் பாதி உயிர்கள் தூசியாய்ப் போகின்றன, படமும் முடிந்துவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "அவ்ளோதானா?" என்று என்னை முறைத்தான். அடுத்த வருஷம் இன்னொரு படம் வந்து எல்லோரையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது என்று சமாதானம் சொன்னேன். அபிமன்யுவுக்கு அப்படி இரண்டாம் பாகம் கிடையாது என்பதை அவன் பாட்டி சொல்லிக்கொள்ளட்டும்.

'கல்லூரி' படத்தை ஏன் போட்டீர்கள்? வேண்டாம் என்று சிலர் சொன்னார்களே?

சொன்னார்கள். நானும் மூன்று மாதம் தள்ளிப் போட்டேன்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 2000 பிப்ரவரி 2-ஆம் தேதி, ஒரு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து நடந்த கலவரத்தில், நம் ஊர் இலக்கியம்பட்டியில் கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் வந்த சுற்றுலாப் பேருந்துக்குத் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் இறந்தார்கள். மூன்று பேருக்குத் தூக்கு என்று 2007-ல் தீர்ப்பு. 2016-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. 2018-ல் விடுதலையும் ஆனார்கள். அந்தச் சம்பவத்தின் பாதிப்பில் பாலாஜி சக்திவேல் எடுத்தது 'கல்லூரி' (2007).

அந்தப் படத்தில் வில்லன் என்று ஒரு ஆளே கிடையாது. இரண்டரை மணி நேரமும் பிள்ளைகள் படிக்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், ஓட்டப் பயிற்சி எடுக்கிறார்கள், ஒருத்திக்கும் ஒருவனுக்கும் சொல்லாத காதல் வருகிறது. சுற்றுலா கிளம்புகிறார்கள். கதைக்குள் ஒரு காட்சியில்கூட இடம்பெறாத கூட்டம் கடைசியில் வந்து பேருந்தைக் கொளுத்துகிறது. நாயகி உட்படப் போய்விடுகிறார்கள். திரைக்கதைப் பாடம் நடத்துகிறவர்கள் வில்லனை முதலிலேயே காட்ட வேண்டும் என்பார்கள். இங்கே காட்டாமல் விட்டதுதான் சரி. அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையில் அவர்கள் அப்படித்தான் வந்தார்கள்.

படம் முடிந்ததும் புரொஜெக்டரின் நீல வெளிச்சம் வேட்டியில் அப்படியே நின்றது. யாரும் அதை அணைக்கவில்லை. எப்போதும் முதலில் பேசுகிறவர் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு அக்கா, "தெனம் அந்த வழியாத்தான் பஸ்ல வேலைக்குப் போறேன்" என்றார். பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்.

நிஜத்தில் பார்க்காத அநியாயமா? படத்திலாவது நல்லவன் ஜெயிக்கட்டுமே?

இந்தக் கேள்விக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அரூர் பக்கம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று நுழைந்த அரசு ஊழியர்கள் செய்த கொடுமைக்குத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011-ல். பதினெட்டுப் பெண்கள் பத்தொன்பது வருஷம் சாட்சி சொல்லிக் காத்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். இதில் 2010-ல் யாராவது படம் எடுத்து முடித்திருந்தால் வில்லன் ஜெயித்த படமாகத்தான் இருந்திருக்கும்.

கொரியாவில் அப்படியே நடந்தது. 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003), பாங் ஜூன் ஹோ படம். 1986-லிருந்து 1991 வரை ஹ்வாசோங் பக்கம் பெண்களைக் கொன்றவனைப் பிடிக்க முடியாத போலீஸ்காரர்கள் கதை. பிடிக்காமலே படம் முடிகிறது. கடைசிக் காட்சியில் வேலையை விட்டுப்போன துப்பறிவாளர் பழைய வாய்க்காலைக் குனிந்து பார்த்துவிட்டு, நேராகக் கேமராவைப் பார்க்கிறார், கொட்டகைக்குள் அவனும் உட்கார்ந்திருப்பான் என்பது போல. 2019-ல் மரபணுச் சோதனையில் ஆள் தெரிந்தது. வேறொரு கொலைக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தவன். இந்தக் கொலைகளுக்கு வழக்குப் போடுகிற காலவரம்பு தாண்டிவிட்டிருந்தது. நாங்கள் படத்தைப் போட்டுவிட்டு இந்தத் தகவலைப் பிறகுதான் சொன்னோம். ஒருவர் எழுந்துபோய் அந்தக் கடைசிக் காட்சியை மறுபடி ஓட்டினார்.

தோற்றவன் கதையைக் கேட்டு என்ன பிரயோசனம்?

பிரயோசனம் தெரியாது. வழக்கம் தெரியும். தகடூர் என்பது நம்ம ஊர்தான். அதியமான் நெடுமான் அஞ்சி தோற்றுப்போனவன். ஜெயித்தவன் பெயர் பெருஞ்சேரல் இரும்பொறை, பட்டமே 'தகடூர் எறிந்த'. பதிற்றுப்பத்தில் எட்டாம் பத்து அவனுக்குப் பாடியது, பாடியவர் அரிசில்கிழார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவன்தான் ஹீரோ, நம்ம ஆள்தான் எதிரி. அந்தச் சண்டையைச் சொல்ல 'தகடூர் யாத்திரை' என்று தனி நூலே இருந்து, இன்று சில பாட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அதியமான் செத்தபோது ஔவை பாடியது புறநானூற்றில் 235-ஆம் பாட்டு. அவன் மார்பில் பாய்ந்த வேல் பாணர்களின் மண்டைப் பாத்திரத்தைத் துளைத்து, கையேந்துகிறவர்களின் உள்ளங்கையைத் துளைத்து, புலவர்களின் நாவில் போய் விழுந்ததாம். ஸ்லோமோஷனில் ஒரு வேலினை இப்படிப் பின்தொடர்ந்து போன கேமராவை நான் இதுவரை பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி நெல்லிக்கனி கொடுத்தது யார் என்று கேளுங்கள், யாரும் சொல்வார்கள். ஊரை ஜெயித்தது யார் என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் என்ன படம்? எத்தனை மணிக்கு?

'சுப்ரமணியபுரம்' (2008). ஆறரைக்கு இருட்டியதும் ஆரம்பம். பாலக்கோடு, பென்னாகரம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் கவலைப்பட வேண்டாம், ஒன்பதே காலுக்குள் விட்டுவிடுவோம். மழை வந்தால் மாடி கிடையாது, கீழே கூடத்தில் வேட்டிக்குப் பதில் சுவர். போன தடவை யாரோ என் டார்ச்சை எடுத்துப் போய்விட்டீர்கள், கொண்டுவாருங்கள்.